டெல்டாவின் வெளியூர்ப் பட்டாதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்



நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள், கோயம்புத்தூரில் இருக்கிறீர்கள், பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறீர்கள். தஞ்சாவூர் டவுனிலோ கும்பகோணத்திலோ வீடு கட்டிக்கொண்டு, பூர்வீகக் கிராமத்துக்குப் பொங்கலுக்கும் குலதெய்வத்துக்குப் படைக்கவும் மட்டும் வந்து போகிறவர்களும் உங்களில் உண்டு. உங்கள் பெயரில் ஊரில் நாலு மா நிலமோ, அரை வேலியோ, இரண்டு வேலியோ இருக்கிறது. அதைக் குத்தகைக்கு எடுத்து நாங்கள் சாகுபடி செய்கிறோம். உங்களிடம் நேராகப் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கொள்முதல் நிலைய வாசலிலும் டீக்கடை பெஞ்சிலும் எங்களுக்குள்ளேயே பேசி ஓய்ந்துபோன விஷயம் அது. எங்களில் யாரும் உங்கள் முகத்துக்கு நேரே அதைச் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வருஷம் நிலம் வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

பயிருக்கென்று அரசு கொடுக்கும் பணம் உங்கள் கணக்குக்கு வருகிறது. அந்தப் பயிரை வைத்தவர் கைக்கு அது வந்து சேருவதில்லை.

உங்களைத் திருடர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்களில் பெரும்பாலோர் எந்த அலுவலகத்துக்கும் போய் இந்தப் பணத்தைக் கேட்டு வாங்கவில்லை. ஊரில் வெள்ளம் வந்தால் கணக்கெடுக்கிறார்கள், பட்டாவில் இருக்கும் பெயரை எழுதுகிறார்கள், அந்தப் பெயருக்குரிய வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது. எந்தத் திட்டத்தில், எதற்காக வந்தது என்றுகூடத் தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. தெரியாதவர்களிடம் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று நம்புகிறேன். தெரிந்தே வைத்துக்கொள்பவர்களிடமும் சொல்வதற்கு இருக்கிறது.

நான் திருவாரூர் மாவட்டத்தில் தலைமுறைகளாகக் குத்தகைச் சாகுபடி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். இன்றைக்கும் அண்ணனும் அண்ணியும் ஐந்து ஏக்கர் குத்தகை நிலத்தில்தான் பாடுபடுகிறார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். அவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் ஒருவரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் செய்ததைத்தான் உங்களில் பலரும் செய்கிறீர்கள்.

2020 நவம்பர் கடைசியில் நிவர் புயல் வந்தது. அடுத்த வாரமே புரெவி. இரண்டிலும் தண்ணீரில் நின்ற சம்பாவை, வரப்பை வெட்டி வடியவிட்டு, மறுபடியும் மேலுரம் போட்டு எழுப்பினார்கள். கதிர் பழுத்து, அறுவடை மிஷினுக்குச் சொல்லி வைத்திருந்த நேரத்தில், 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. பயிர் மொத்தமும் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. கணக்கெடுக்க ஆள் வந்த அன்று, அண்ணி முழங்கால் சேற்றில் இறங்கி ஒரு கொத்துக் கதிரை உருவிக்கொண்டு வந்து காட்டினார். கதிரிலேயே நெல்லுக்கு நெல் வெள்ளையாக முளை விட்டிருந்தது. வந்தவர் அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கும் மனசு சங்கடப்படத்தான் செய்தது. “நீங்கதான் சாகுபடின்னு எனக்குத் தெரியாதாம்மா? ஆனா பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்க கணக்கு நம்பரைத்தான் நான் எழுத முடியும்” என்றார்.

அந்த முறை அரசு, நெல்லுக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாயாக இருந்த இடுபொருள் நிவாரணத்தை 20,000 ரூபாயாக உயர்த்திக் கொடுத்தது. ஏக்கருக்கு ஏறக்குறைய 8,000. ஐந்து ஏக்கருக்கு 40,000 ரூபாய். அது சென்னைக்குப் போனது. அண்ணன் போன் செய்து கேட்டார். “அது நிலத்துக்கு வந்த பணம் தம்பி, அதுல உங்களுக்கு என்ன?” என்றார் சொந்தக்காரர். சரி, குத்தகை நெல்லிலாவது கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்கு, பேசினது பேசினதுதான் என்று சொல்லிவிட்டார். அளக்க வீட்டில் நெல் இல்லை. அந்த வருஷம் வெளியில் நெல்லை விலைக்கு வாங்கிக் குத்தகை அளந்தோம்.

நிலத்துக்கு வந்த பணம் என்கிறீர்களே, அந்த மழையில் நிலத்துக்கு என்ன ஆனது? தண்ணீர் வடிந்ததும் நிலம் அப்படியே இருந்தது. பட்டாவும் அப்படியே இருந்தது. போனது பயிர். பயிரில் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால்தான் இந்த நிவாரணமே உண்டு. விதைக்கும் உரத்துக்கும் உழவுக்கும் போட்ட காசு தண்ணீரோடு போனதே என்று, அதில் ஒரு பங்கையாவது திருப்பிக் கொடுப்பதற்காக வகுத்த பணம் இது. அந்தக் காசைப் போட்டவர் யார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விதைநெல் வாங்கி நாற்றங்கால் விட்டது, டிராக்டர் வைத்துச் சேறு கலக்கியது, நடவு ஆட்களுக்குக் கூலியும் டீயும் கொடுத்தது, டி.ஏ.பி.யும் யூரியாவும் பொட்டாஷும் போட்டது, இரண்டு களை எடுத்தது, புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் மருந்து அடித்தது, கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத நாட்களில் டீசல் மோட்டார் வைத்து இறைத்தது எல்லாம் சாகுபடி செய்தவர். அறுவடையிலும் தரை காய்ந்திருந்தால் டயர் வண்டி போதும், சேறாக இருந்தால் அதிக வாடகைக்கு பெல்ட் வண்டிதான் இறங்க வேண்டும். அந்த வாடகையும் அவர் தலையில்தான். எப்படிச் சுருக்கினாலும் ஏக்கருக்கு முப்பதாயிரத்துக்குக் குறையாமல் மண்ணில் போட்டால்தான் சம்பா வீடு வந்து சேரும். இதில் ஒரு ரூபாயும் நீங்கள் போட்டதில்லை. குத்தகை என்பதன் ஏற்பாடே அதுதான். அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. செலவும் நட்டமும் எங்களுடையது என்று பேசி முடித்துவிட்டு, நட்டத்துக்கு வரும் ஈடு மட்டும் உங்களுடையது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

வாரத்துக்கு விட்டு, விதையிலும் உரத்திலும் பாதி கொடுக்கிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். நிவாரணத்தில் பாதியை அவர்கள் எடுத்துக்கொள்வது நியாயம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்திலிருந்து பேராவூரணி வரை தென்னையை வேரோடு சாய்த்தபோது, மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் கொடுத்தார்கள். தென்னை உங்களுடையது. உங்கள் அப்பா வைத்து, நீங்கள் அனுபவித்து, உங்கள் பிள்ளைக்கு விட்டுப்போக இருந்த மரம். அந்தப் பணம் உங்களுக்கு வந்ததில் எங்களுக்கு ஒரு சொல்லும் இல்லை. மரம் போனால் மரத்துக்காரருக்குக் கொடுப்பது போலப் பயிர் போனால் பயிர்க்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறோம்.

இது ஒரு மழையோடு முடிந்த கதை இல்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தபோது நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் வந்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் மறுபடியும் அறுவடை நேரத்து மழை, மறுபடியும் ஹெக்டேருக்கு 20,000. அதே வருஷம் மேட்டூரில் தண்ணீர் குறைந்து குறுவை காய்ந்தது, அதற்கும் நிவாரணம் வந்தது. குத்தகைச் சாகுபடி நடக்கும் வயல்களில் இந்தப் பணம் எத்தனை முறை சாகுபடிக்காரர் கைக்கு வந்தது என்று உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள். ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். 2021 குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் ஏக்கருக்கு 90 கிலோ யூரியா, 50 கிலோ டி.ஏ.பி., 25 கிலோ பொட்டாஷ் முழு மானியத்தில் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வயலுக்கே வந்தது. பொருளாக வரும் உதவி வயலைத் தேடி வந்துவிடுகிறது. பணமாக வருவதுதான் வழி மாறிப் போகிறது.

இனி பி.எம். கிசான். வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. இது நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு என்று 2019-ல் விதி எழுதிவிட்டார்கள். குத்தகைக்காரருக்கு இடமே இல்லை. விதியை எழுதியது நீங்கள் இல்லை என்பது தெரியும். ஆனால் அதே விதியில் வேறு சில வரிகளும் இருக்கின்றன. வருமான வரி கட்டுபவருக்கு இந்தப் பணம் கிடையாது. மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் வாங்குபவருக்குக் கிடையாது. கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியருக்கு, தொழில் செய்யும் மருத்துவருக்கு, பொறியாளருக்கு, வழக்கறிஞருக்குக் கிடையாது. 2020-ல் தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தகுதியில்லாத கணக்குகளுக்குச் சுமார் 110 கோடி ரூபாய் போனது வெளியே வந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரை போனது நினைவிருக்கும். அது போலி ஆட்களைச் சேர்த்து நடந்த மோசடி. அதையும் உங்களையும் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் ஐ.டி. கம்பெனியில் சம்பளம் வாங்கி, வருமான வரியும் கட்டிக்கொண்டு, அப்பா பெயரிலிருந்து மாறி வந்த பட்டாவை வைத்து 2,000 ரூபாய்த் தவணை வாங்குகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அந்தப் பணத்தை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. அரசுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

நிவாரணத்தைவிடப் பெரிய இழப்பு கடனில் நடக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா கொண்டு வா, அடங்கல் கொண்டு வா, குத்தகை என்றால் நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் கொண்டு வா என்கிறார்கள். நீங்கள் கடிதம் தருவதில்லை. அதனால் அண்ணி காதுத் தோட்டை அடகு வைத்து நடவுக்கூலி கொடுக்கிறார். மீதியை உரக்கடைக்காரர் கடனாகத் தருகிறார், விலையில் ஏற்றி வைத்து. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவிப்பு வந்தது. எங்கள் தெருவில் குத்தகைக்குப் பயிர் வைத்தவர்களின் கடன் ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி ஆகவில்லை. அடகுக்கடைக் கடனையும் உரக்கடைக் கடனையும் எந்த அரசு தள்ளுபடி செய்யும்?

உங்கள் பயம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. “ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துட்டா நாளைக்கு நிலம் என்னோடதுன்னு நிப்பான்” என்று உங்கள் அப்பா சொல்லியிருப்பார், உங்கள் வக்கீலும் சொல்லியிருப்பார். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இந்த மண்ணில் குத்தகைக்காரரை நினைத்த நேரத்தில் விரட்டிய காலம் ஒன்று இருந்தது. அதற்கு எதிராக எங்கள் பாட்டன்மார் செங்கொடி பிடித்துப் போராடினார்கள். 1952-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோதே தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம், 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம், 1969-ல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் என்று வரிசையாக வந்தன. இந்தச் சட்டங்களால் வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். அதே நேரத்தில், குத்தகையும் அளக்காமல் நிலத்தையும் விடாமல், வருவாய் நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் சொந்தக்காரரை அலையவிட்டவர்களும் உண்டு. உங்களில் எல்லோரும் பெரிய மிராசு இல்லை. புருஷன் போன பிறகு மூன்று மா நிலத்துக் குத்தகை நெல்லை நம்பிச் சாப்பிடும் அம்மாவும் உங்களில் இருக்கிறார். அவருக்கு அந்த அலைச்சல் எவ்வளவு பெரிய தண்டனை என்பது எங்களுக்குப் புரியும்.

ஆனால் அந்தப் பயத்தால் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். குத்தகை முழுக்க வாய்ப்பேச்சாகிவிட்டது. ரசீது கிடையாது. ஒரே ஆள் தொடர்ந்து இருந்தால் ஆபத்து என்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறீர்கள். அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாதவர் உங்கள் வயலில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவாரா? ஆட்டுக்கிடை போடுவாரா? சரிந்த வரப்புக்கு மண் வெட்டிப் போடுவாரா? இந்தப் போகத்தில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போவார். உங்கள் நிலம்தான் மெலிகிறது.

இன்னொன்றையும் உங்கள் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். 1955 சட்டம் சாகுபடிக் குத்தகையாளர் யார் என்று சொல்லும்போது, அடுத்தவர் நிலத்தில் தன் உடல் உழைப்பையோ குடும்பத்தார் உழைப்பையோ போட்டுச் சாகுபடி செய்பவர் என்கிறது. வெளிப்படையான ஒப்பந்தம் இருந்தாலும் சரி, சொல்லாமலே புரிந்துகொண்ட ஒப்பந்தமாக இருந்தாலும் சரி என்கிறது. வாய்ப்பேச்சுக் குத்தகையும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. காகிதம் கொடுக்காததால் நீங்கள் நினைக்கிற பாதுகாப்பு உங்களுக்குக் கிடைத்துவிடவில்லை. காகிதம் இருந்தால் நிரூபிப்பது எளிது என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. அதனால்தான் காகிதம் இல்லாமலே செய்யக்கூடியதை முதலில் கேட்கப்போகிறேன். கையெழுத்துப் போடப் பயம் என்கிறீர்கள். வந்த பணத்தைத் திருப்பி அனுப்புவதில் என்ன பயம்?

மற்ற மாநிலங்களைப் பாருங்கள். ஒடிசா 2018 டிசம்பரில் விவசாயிகளுக்கான காலியா என்ற உதவித் திட்டத்தைக் கொண்டு வந்தபோது நிலமற்றவர்களையும் சேர்த்தே வகுத்தது. ஆந்திரா 2019-ல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டு வந்தது. பதினொரு மாதத்துக்கு ஒரு அட்டை. அதை வைத்து நில உரிமை எதையும் கோர முடியாது. கடனுக்கும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் மட்டும் செல்லும். சொந்தக்காரரின் பயத்துக்கும் சாகுபடிக்காரரின் தேவைக்கும் நடுவில் கண்டுபிடித்த வழி அது. ஆனாலும் அங்கே பலருக்கு அந்த அட்டை கிடைக்கவில்லை. அட்டைக்கு நில உரிமையாளரின் கையெழுத்து வேண்டும் என்று வைத்தார்கள், கையெழுத்துப் போடப் பலர் முன்வரவில்லை. சட்டம் வந்தாலும் உங்கள் மனசு வராவிட்டால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். அரசுக்கு மனு எழுதுவதை விட்டு உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் இருந்த தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, 2007-ல் மத்திய அரசு விவசாயிகளுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. குத்தகைக்காரரும் வாரச் சாகுபடி செய்பவரும் கூலித் தொழிலாளரும் விவசாயிகளே என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதி இத்தனை வருஷம் ஆகிறது. 2025-ல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறோம் என்று ஊர் ஊராக முகாம் போட்டபோது, ஆதாரோடும் கைபேசியோடும் பட்டாவையும் கொண்டு வரச் சொன்னார்கள். இனி உதவிகள் அந்த எண்ணின் வழியாகத்தான் வரும் என்கிறார்கள். அண்ணன் முகாம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அவர் வைக்கிற பயிருக்கான எண் உங்களிடம் இருக்கிறது.

உங்களைப் போன்ற ஒருவர் இப்படி நடந்துகொண்டார் என்று சொல்லவும் எங்களிடம் ஆள் இருக்கிறார். பக்கத்து ஊரில் நிலம் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தஞ்சாவூரில் இருக்கிறார். நிவாரணம் வந்தால் பாஸ்புக்கில் பதிந்த அன்றே சாகுபடிக்காரரைக் கூப்பிட்டுத் தொகையைச் சொல்லிவிடுவார், அடுத்த நாள் அவர் கணக்குக்கு மாற்றிவிடுவார். சேதம் அதிகமான வருஷம் குத்தகையில் பாதியை வஜா செய்தார். கிராம நிர்வாக அலுவலரிடம் அவரே பேசி, பயிர்க் காப்பீட்டுக்கான அடங்கல் சாகுபடிக்காரர் பெயருக்குக் கிடைக்கும்படி செய்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய நிலத்துக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. அந்தச் சாகுபடிக்காரர் அவரை இன்றைக்கும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார், வீட்டு விசேஷத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் போகிறது. எங்கள் ஊர்களில் குத்தகை ஒரு காலத்தில் இப்படியும் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். விளைச்சல் குறைந்தால் களத்துமேட்டிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து கழிவு பேசி முடிப்பார்களாம். இன்றைக்குச் சொந்தக்காரர் களத்தைப் பார்ப்பதில்லை. கணக்கில் பணம் விழுந்த செய்தியை மட்டும் பார்க்கிறார்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். குத்தகை வருமானம் சொற்பம், நிலத்தை விற்று வங்கியில் போட்டால் அதைவிட அதிகம் வரும், அரசுப் பணத்தையும் விட்டுக்கொடுத்தால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். கேட்கலாம். குத்தகை கட்டவில்லை என்றால் அதைத் தனியாகப் பேசித் தீர்ப்போம், ஏமாற்றுகிற ஆள் இருந்தால் ஊர்க்கூட்டத்தில் சொல்லுங்கள், நாங்களும் உங்கள் பக்கம் நிற்போம். ஆனால் குத்தகை குறைவு என்பதற்கு ஈடாக வெள்ள நிவாரணத்தை எடுத்துக்கொள்வது கணக்கே இல்லை. அந்த நிவாரணம் வரும் வருஷத்தில்தான் எங்கள் வீட்டில் எதுவுமே இருப்பதில்லை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

கடைசியாக உங்கள் கணக்குக்குப் பயிர்ச் சேத நிவாரணம் எப்போது வந்தது என்று எடுத்துப் பாருங்கள். அந்த வருஷம் உங்கள் வயலில் சாகுபடி செய்தவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அவரைக் கூப்பிட்டுத் தொகையைச் சொல்லுங்கள், அவர் கணக்குக்கு மாற்றுங்கள். மொத்தமாக முடியாது என்றால் இரண்டு தவணையாக மாற்றுங்கள், அல்லது அடுத்த குத்தகையில் கழித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பத்திரம் வேண்டாம், சாட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம். வரும் போகங்களில் எந்தப் பணம் வந்தாலும் வந்த வாரமே அவருக்குச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் எவ்வளவு வந்தது என்பதே அவருக்குத் தெரியும்.

அடுத்தது காப்பீடு. டெல்டாவில் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யப் பெரும்பாலும் நவம்பர் 15 கடைசி நாள். விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், எங்கள் பக்கம் ஏக்கருக்கு ஐந்நூறு ரூபாய் சொச்சம். அதை நாங்களே கட்டிக்கொள்கிறோம். குத்தகைக்காரரும் தன் பெயரில் சேரலாம் என்றுதான் விதி இருக்கிறது. அடங்கலில் அவர் பெயரில் சாகுபடி என்று வருவதற்கு நீங்கள் தடை சொல்லக் கூடாது, அவ்வளவுதான். கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு போன் போட்டு, இந்த சர்வே எண்ணில் இன்னார் சாகுபடி, அவர் பெயருக்கே கொடுங்கள் என்று சொல்லுங்கள். அங்கிருந்தபடி நீங்களும் தனியாக உங்கள் பெயரில் கட்டிவிடாதீர்கள். ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பேர் கட்டினால் சிக்கலாகிவிடும், அந்தச் சிக்கலை அவிழ்க்க வேளாண்மை அலுவலகத்துக்கும் பொதுச் சேவை மையத்துக்கும் அலையப்போவது நாங்கள்தான்.

மூன்றாவதாக ஒன்று, இதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பதினொரு மாதச் சாகுபடி அட்டை போல, நில உரிமையைத் தொடாத ஒரு ஏற்பாட்டைத் தமிழ்நாட்டிலும் கொண்டு வரச் சொல்லி நாங்கள் கேட்கிறோம். நாங்கள் மட்டும் கேட்டால் நடக்காது. நில உரிமையாளர்கள் எதிர்ப்பார்கள் என்ற தயக்கத்தில்தான் எந்த ஆட்சியும் இதைத் தொடவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரும் ஆட்சியரும் உங்கள் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, சாகுபடி செய்பவருக்கே கொடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க் கூட்டம் நடக்கும் நாளில் ஊரில் இருந்தால் நேரிலேயே வந்து சொல்லுங்கள். அன்றைக்கு உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உங்கள் சாகுபடிக்காரரும் உட்கார்ந்திருக்கட்டும்.

இந்த மடலைப் படித்துவிட்டு யார் எழுதியது, எந்த ஊர் ஆள் என்று தேட வேண்டாம். உங்கள் நிலத்தில் இந்த வருஷம் நாற்று விட்டிருப்பவரின் நம்பர் உங்கள் போனில் இருக்கும். அவரிடம் பேசுங்கள்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்துக் குத்தகைச் சாகுபடிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்